துறைமுக ரேடார்: சென்னை மழையை இரண்டு மணி நேரம் முன்பே காட்டும் படத்தை எப்படிப் படிப்பது, எவ்வளவு நம்புவது

அடுத்த இரண்டு மணி நேரத்தில் மழை வருமா என்று சென்னைவாசி தெரிந்துகொள்ள இன்று கிடைக்கும் சேவைகளில் மிகப் பயனுள்ளது ஒரு படம். ராஜாஜி சாலையில், துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் சுழலும் டாப்ளர் ரேடார் தரும் படம் அது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 2002-ல் அதை அங்கே நிறுவியது. கட்டணம் கிடையாது, பெயர் பதிவு கிடையாது. துறையின் இணையதளத்தில் ரேடார் பகுதிக்குப் போய்ச் சென்னையைத் தேர்ந்தெடுத்தால் போதும். தொலைக்காட்சியில் வரும் மழைச் செய்திக்கும், சமூக ஊடகத்தில் தன்னார்வலர்கள் எழுதும் கணிப்புக்கும் பெரும்பாலும் இதுதான் மூலம். மூலத்தையே நேராகப் பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது. ஆனால் படிக்கத் தெரியாமல் பார்த்தால் இந்தப் படம் ஏமாற்றும்.

மழை, இடி, புயல் எல்லாம் வளிமண்டலத்தின் கீழடுக்கில் நடக்கின்றன. சென்னைக்கு மேலே அதன் உயரம் ஏறக்குறைய 16, 17 கி.மீ. ஒரு கி.மீ. ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குளிர்கிறது. 5 கி.மீ. சுமாரில் உறைநிலை வந்துவிடும், அதற்கு மேலே பனித்துகள்தான் மிகுதி. ரேடார் பார்ப்பது இந்த அடுக்கின் நடுப்பகுதியில் எங்கேயோ மிதக்கும் துளிகளையும் துகள்களையும். உங்கள் தெருவில் விழும் தண்ணீரை அது பார்ப்பதில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் புரியும்.

பக்கத்தைத் திறந்தால் பல வகைப் படங்கள் இருக்கும். மேக்ஸ் இசட், பி.பி.ஐ. இசட், பி.பி.ஐ. வி, எஸ்.ஆர்.ஐ. (மழை வீதம்), பி.ஏ.சி., வி.வி.பி. (உயரவாரியான காற்று) என்று பெயர். முதலில் பார்க்க வேண்டியது நேரம். படத்தில் யூ.டி.சி. (உலகப் பொது நேரம்) என்றோ இசட் என்றோ போட்டிருந்தால் 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். 12:40 என்று இருந்தால் நம் கணக்கில் மாலை 6:10. சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் வரும், எடுத்த படம் பக்கத்துக்கு வந்து சேர இன்னும் சில நிமிடங்கள் பிடிக்கும். கைப்பேசி உலாவி பழைய படத்தையே சேமித்து வைத்துக் காட்டுவதும் உண்டு. மழை நகராமல் நிற்பது போலத் தெரிந்தால், பக்கத்தைப் புதுப்பித்து நேரம் மாறுகிறதா என்று பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

பெரும்பாலோர் பார்ப்பது மேக்ஸ் இசட். ஒவ்வொரு இடத்துக்கும் மேலே, அடி முதல் உச்சி வரை எந்த உயரத்தில் எதிரொலி (துளியிலும் துகளிலும் பட்டுத் திரும்பும் ரேடார் அலை) அதிகமோ அந்த மதிப்பை அது தரையில் வரைந்து காட்டுகிறது. எனவே 9 கி.மீ. உயரத்தில் பனித்துகள் மட்டும் இருந்து கீழே ஒரு சொட்டும் விழாத இடத்திலும் நிறம் தெரியும். பி.பி.ஐ. இசட் ஒரே கோணத்தில் ஒரு சுற்று சுற்றி எடுத்த வெட்டு. தாழ்ந்த கோணத்தில் எடுத்தது தரைக்குப் பக்கத்தில் இருப்பதைக் காட்டும். இரண்டிலும் ஒரே இடத்தில் அடர்நிறம் இருந்தால் அங்கே மழை கொட்டுகிறது. மேக்ஸில் இருந்து பி.பி.ஐ.யில் இல்லை என்றால் மழை இன்னும் இறங்கவில்லை, அல்லது மேகத்தின் மேல்பகுதி மட்டும் பரவியிருக்கிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த வேறுபாடு மிக முக்கியம். அப்போது தாழ்வான காற்று மேற்கிலிருந்து வருகிறது, 14, 15 கி.மீ. உயரத்திலோ கிழக்கிலிருந்து கடுங்காற்று வீசுகிறது. இடிமேகத்தின் உடல் சென்னையை நோக்கி வரும்போது அதன் தலை வேலூர்ப் பக்கம் பின்னோக்கி இழுபடும். மேக்ஸ் படத்தை மட்டும் பார்ப்பவருக்கு மழை மேற்கே விலகிப் போவது போலத் தோன்றும்.

மேக்ஸ் படத்தின் மேல்விளிம்பிலும் பக்கவாட்டிலும் இரண்டு பட்டைகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. மேகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்த உயரப் படம் அவை. இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி அதுதான் என்பது நம் கருத்து. கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் வெப்பச்சலனத்தால் எழும் மேகங்கள் 12 முதல் 16 கி.மீ. வரை போகும். உச்சி 12 கி.மீ.யைத் தாண்டினால் இடி, மின்னல், திடீர்க் காற்று மூன்றையும் எதிர்பார்க்கலாம். உச்சி படத்துக்குப் படம் இறங்கினால் மேகம் தளர்கிறது. வடகிழக்குப் பருவமழையில் பல சமயம் உச்சி 6, 7 கி.மீ.யோடு நின்றுவிடும், இடியே இருக்காது. ஆனாலும் தெரு மூழ்கும். ஏன் என்று பார்ப்போம்.

நிறத்துக்கு அருகில் உள்ள எண்ணின் அலகு டிபிஇசட், எதிரொலி எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்வது. நிறத்தை நம்பாமல் எண்ணைப் படியுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு ரேடாரிலும் நிற அளவு ஒரே மாதிரி இருப்பதில்லை. எதிரொலியை மழை அளவாக மாற்ற உலகெங்கும் பழக்கத்தில் உள்ள மார்ஷல்–பாமர் கணக்குப்படி 30 என்றால் மணிக்கு 3 மி.மீ. போல, 40 என்றால் 12 மி.மீ., 45 என்றால் 24 மி.மீ., 50 என்றால் 50 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு ஐந்து எண்ணுக்கும் மழை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆனால் ரேடாருக்குக் கிடைக்கும் எதிரொலி துளியின் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது, அந்தத் துளியில் உள்ள தண்ணீரோ விட்டத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. கடலிலிருந்து வரும் ஈரமான, தாழ்ந்த மேகத்தில் துளிகள் சிறியவை, எண்ணிக்கையோ மிக அதிகம். எதிரொலி குறைவாக இருக்கும், தண்ணீர் ஏராளமாக விழும். இத்தகைய வெப்பமண்டல மழைக்கென்று உள்ள கணக்கில் 40 டிபிஇசட்டே மணிக்கு 20 மி.மீ.யைத் தாண்டும், 45 என்றால் 55 மி.மீ. போல ஆகிவிடும். அதாவது மே மாத மாலையில் 40 என்ற எண் மணிக்கு 12 மி.மீ. போன்ற மழை. நவம்பர் விடியற்காலையில் அதே 40 நான்கு மணி நேரம் நின்றால் 8 செ.மீ. வந்துவிடும். எஸ்.ஆர்.ஐ. படம் தரும் மி.மீ. எண்ணும் இப்படி எதிரொலியிலிருந்து கணக்கிட்டு எழுதியதே. வடகிழக்குப் பருவத்தில் அதைக் குறைந்தபட்ச மதிப்பாக எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

மழை எப்போது வந்து சேரும் என்று கணக்கிட, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாலைகள் ஏற்ற காலம். மேற்கே ராணிப்பேட்டை, திருத்தணி, காஞ்சிபுரம் பக்கம் பிற்பகலில் மேகம் எழும். கடல் காற்று உள்ளே நுழையும் முகப்பில் அது வலுக்கும், இரவு 7 முதல் 11 மணிக்குள் பெரும்பாலும் நகருக்கு வந்து சேரும். அரை மணி நேர இடைவெளியில் இரண்டு பி.பி.ஐ. படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அடர்நிறத்தின் நடுவைப் பிடிக்காமல், நம்மை நோக்கிய முன்விளிம்பைப் பிடியுங்கள். தொலைவுக்குப் புறநகர் ரயில் பாதையே நல்ல அளவுகோல். சென்ட்ரலில் இருந்து அரக்கோணம் சுமார் 69 கி.மீ., திருவள்ளூர் 42, ஆவடி 21. முன்விளிம்பு மாலை 6:10-க்கு அரக்கோணத்தில் இருந்து 6:50-க்குத் திருவள்ளூரைத் தொட்டால், 40 நிமிடத்தில் 27 கி.மீ., மணிக்கு 40 கி.மீ. வேகம். அரை மணியில் ஆவடி, ஒரு மணி நேரத்தில் சென்ட்ரல். மழைக்குப் பத்து இருபது நிமிடம் முன்பே மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று வந்துவிடும், மொட்டை மாடியில் உலரும் துணியையும் தகரக் கூரையையும் அதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கு பிசகுவது இரண்டு காரணங்களால். அந்தக் குளிர்காற்று முன்னால் ஓடிப் புது மேகத்தைக் கிளப்பினால், பழைய மேகம் வருவதற்கு முன்பே மதுரவாயலில் மழை தொடங்கிவிடும். அல்லது பகலில் கடல் காற்று சீக்கிரமே நுழைந்து நகரைக் குளிர்வித்திருந்தால், பூந்தமல்லி வரை வந்த மேகம் ஏறிவர வெப்பம் இல்லாமல் கரைந்துவிடும். மதியம் 12 மணிக்குள் கடல் காற்று வந்த நாள்களில் மேற்கிலிருந்து வரும் மழையின் மேல் அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம்.

வடகிழக்குப் பருவத்தில் இந்த முறையே பொருந்தாது. மேகங்கள் கடலில் இருந்து வருகின்றன, ஒவ்வொன்றும் சிறியது, அரை மணியில் கரைகிறது. ஆனால் முன்னது போன இடத்திலேயே பின்னது எழுகிறது. நள்ளிரவுக்குப் பிறகு நிலத்திலிருந்து வீசும் குளிர்ந்த காற்று கரையோரம் வடகிழக்குக் காற்றோடு மோதும்போது, விடியும் வரை ஒரே வரிசையில் மழை நிற்கும். இங்கே ஒரு மேகத்தின் வேகத்தைக் கணக்கிட்டுப் பயனில்லை. ஒரு மணி நேரப் படங்களை ஓடவிட்டு, பட்டை ஒட்டுமொத்தமாக வடக்கே நகர்கிறதா, தெற்கே நகர்கிறதா, நிற்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். நின்றால் கவலைப்பட வேண்டும். 2021 டிசம்பர் 30 அன்று நகரம் சந்தித்தது இதைத்தான். முன்னறிவிப்பில் அவ்வளவு பெரிய மழை இல்லை. மதியத்துக்குமேல் கரையோரம் வந்து நின்ற மேகங்கள் சில மணி நேரத்தில் சாலைகளை ஆறாக்கின. அப்படிப்பட்ட நாளில் எச்சரிக்கைக்கு முன்பே சொல்லக்கூடியது ரேடார் ஒன்றுதான்.

இனிக் குறைகள். ரேடார் கதிர் நேராகப் போகிறது, பூமி வளைகிறது. அரை டிகிரி கோணத்தில் அனுப்பிய கதிர் 100 கி.மீ. தொலைவில் ஏறக்குறைய 1.5 கி.மீ. உயரத்திலும், 200 கி.மீ. தொலைவில் 4 கி.மீ.க்கு மேலும் போய்விடும். எனவே படத்தின் ஓரத்தில் நிறம் இல்லை என்பதால் அங்கே மழை இல்லை என்று சொல்ல முடியாது. கடலூர், நாகப்பட்டினத்துக்குக் காரைக்கால் ரேடாரைப் பாருங்கள், நெல்லூர்ப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. மறுபுறம், ரேடாரின் தலைக்கு நேர் மேலேயும் அது குருடு. ஆன்டெனா ஓரளவு கோணத்துக்கு மேல் நிமிராது என்பதால், ராயபுரம், பாரிமுனை மேலே மேகம் வந்ததும் அதன் உச்சி படத்தில் வெட்டுப்பட்டுச் சட்டென்று தாழ்ந்துபோகும். மேகம் தளர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வடசென்னையில் இருப்பவர்கள் அந்த நேரத்தில் பள்ளிக்கரணை படத்துக்கு மாற வேண்டும்.

பள்ளிக்கரணையில், தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் 2022 ஜனவரியில் தொடங்கிய எக்ஸ் பேண்ட் ரேடார் இரண்டாவது கண். துறைமுக ரேடாரின் அலைநீளம் 10 செ.மீ. போல, இதற்கு 3 செ.மீ. குறுகிய தூரத்துக்கு நுணுக்கமாகக் காட்டும், தென்சென்னைக்கும் செங்கல்பட்டுக்கும் நல்லது. ஆனால் குறுகிய அலையைப் பெருமழையே விழுங்கிவிடும். வேளச்சேரியில் கொட்டும்போது அதற்குப் பின்னால் உள்ள பகுதி காலியாகத் தெரிந்தால், அங்கே வானம் தெளிந்துவிட்டது என்று பொருளில்லை. துறைமுகப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டும் சேர்ந்து இருப்பதுதான் சென்னையின் பலம்.

மழை இல்லாமலே நிறம் தெரியும் நேரங்களும் உண்டு. பிப்ரவரி முதல் மே வரை, அசையாத இரவுகளில் குளிர்ந்த கடல்பரப்பின் மேல் வெப்பக் காற்று படிந்தால் கதிர் கீழே வளைந்து அலையிலும் கப்பலிலும் பட்டுத் திரும்பும். கடலில் சிதறிய புள்ளிகளாக வரும், படத்துக்குப் படம் நகராமல் மினுங்கும், உயரப் பட்டையில் தரையை ஒட்டியே இருக்கும். சூரியன் எழும்போதும் மறையும்போதும் கிழக்கிலோ மேற்கிலோ ஒற்றைக் கோடு நீளும். மழையில் உறைநிலை உயரத்தில் உருகும் பனி பளிச்சென்று எதிரொலிப்பதால், ரேடாரைச் சுற்றி ஒரு வளையம் போலக் கூடுதல் நிறம் தெரிவதும் உண்டு. அங்கே மழை கூடுதல் என்று எண்ண வேண்டாம்.

பி.பி.ஐ. வி படம் காற்றுக்கானது. கழித்தல் குறி உள்ள நிறம் ரேடாரை நோக்கி வருவது, கூட்டல் குறி விலகிப் போவது. 2023 டிசம்பர் 3, 4-ல் மிக்ஜாம் கரைக்கு அருகே தயங்கி நின்றதுபோல் புயல் நெருங்கும் நாள்களைத் தவிர அன்றாடத் தேவைக்கு இது வேண்டியதில்லை. பி.ஏ.சி. சேர்ந்த மழையின் கணக்கு, ஏரிக்கு நீர் வரும் பகுதியில் எங்கே அதிகம் பெய்தது என்று ஒரு பார்வையில் அறியலாம்.

ரேடாரோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது மூன்று மணி நேரத்துக்கான உடனடி எச்சரிக்கையும் நாள் எச்சரிக்கையும். இரண்டும் மாவட்ட அளவில் வருபவை, அதுதான் அவற்றின் எல்லை. 2015 டிசம்பர் 2 காலை 8:30 உடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. ஒரே மழையில் இவ்வளவு தூரத்துக்குள் 20 செ.மீ. வேறுபாடு. மாவட்டத்துக்கு ஒரு நிறம் என்ற முறையால் இதைச் சொல்ல முடியாது.

எச்சரிக்கைச் சொற்களுக்கு அளவு உண்டு. கனமழை என்றால் ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை, மிக கனமழை 204.4 வரை, அதற்கு மேல் அதி கனமழை. ஓரிரு இடங்களில் என்றால் நூற்றில் 25 மழைமானி நிலையங்கள் வரை மட்டுமே, பெரும்பாலான இடங்களில் என்றால் 75-க்கு மேல். நிறமோ நாம் எவ்வளவு தயாராக வேண்டும் என்பதைக் குறிக்கிறது: மஞ்சள் கவனிக்க, ஆரஞ்சு தயாராக, சிவப்பு செயலில் இறங்க. 2024 அக்டோபர் 16-க்கு ரெட் அலர்ட் இருந்தது, வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டின. மழைப்பட்டைகள் வடக்கே ஒதுங்கியதால் அன்று நகரில் எதிர்பார்த்த மழை பெய்யவில்லை. தாழ்வு மண்டலம் 17-ம் தேதி அதிகாலை சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்தது. எச்சரிக்கை தந்தது தவறில்லை, ஐம்பது அறுபது கி.மீ. பாதை மாறினால் ஒரு நகரத்தின் மழையே மாறிவிடும். காரை மேம்பாலத்துக்கு ஏற்ற எச்சரிக்கை போதும். மறுநாள் வேலைக்குப் போகலாமா என்பதற்கு அன்று காலை ஆறு மணி ரேடார் படம் வேண்டும்.

துறையின் வானிலை அறிக்கையில் காற்றுச் சுழற்சி எவ்வளவு உயரம் வரை பரவியிருக்கிறது என்று ஓர் எண் வரும். 1.5 கி.மீ.யோடு நிற்கும் சுழற்சியைவிட 5.8 கி.மீ. வரை பரவிய சுழற்சி தீவிரமானது, அந்த வரியைத் தவறவிடாதீர்கள்.

இன்னும் ஆழமாகப் போக விரும்புவோருக்கு மீனம்பாக்கத்திலிருந்து காலை 5:30-க்கும் மாலை 5:30-க்குமான கணக்கில் பறக்கவிடப்படும் பலூன் இருக்கிறது. வெப்பம், ஈரம், காற்று மூன்றையும் 30 கி.மீ. போல உயரம் வரை அளக்கும். காலைப் பலூனில் 1.5 கி.மீ. உயரத்தில் மேற்குக் காற்றின் வேகம் 25 நாட், அதாவது மணிக்குச் சுமார் 46 கி.மீ.க்கு மேல் இருந்தால் கடல் காற்று தாமதமாகும், அன்று வெயில் கடுமையாக இருக்கும். ஒட்டுமொத்த நீராவி (தலைக்கு மேலே காற்றில் உள்ள நீராவி முழுவதும் நீரானால் வரும் அளவு) 60 மி.மீ.யைத் தாண்டியிருந்தால், மேகம் எழும் இடத்தில் கனமழைக்கு வேண்டிய நீர் தயார்.

மின்னலுக்கு மட்டும் ரேடார் போதாது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி, நீங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கி.மீ. வட்டங்களில் மின்னல் விழுந்ததா என்று காட்டும். இருப்பிட அனுமதியை எப்போதும் என்று வைக்காவிட்டால் எச்சரிக்கை ஒலி வராது. கட்டடத் தொழிலாளர்கள், மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் கடற்கரைக்குப் போவோர், மீனவர்கள் இதைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

துறையிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. படத்தில் உள்ள விளக்கங்கள் தமிழில் இல்லை, நேரத்தைப் பயனரே மாற்றிக்கொள்ள வேண்டிய நிலை தேவையற்றது, ஊர்ப் பெயர்கள் மிகக் குறைவு. பழைய படங்கள் பொதுப்பக்கத்தில் தேடிக் கிடைப்பதில்லை, முக்கியமான மழை நாளில் தேவையானதை அப்போதே சேமித்துக்கொள்ளுங்கள். சுழலும் இயந்திரம் என்பதால் பராமரிப்புக்காக நிற்கும் நாள்களும் வரும். படத்தின் நேரம் ஒரு மணிக்கு மேல் பழையதாக இருந்தால் முதலில் பள்ளிக்கரணை, அடுத்து ஸ்ரீஹரிகோட்டா, அதுவும் இல்லை என்றால் கால் மணிக்கு ஒருமுறை வரும் இன்சாட் செயற்கைக்கோள் படம் என்ற வரிசையில் பாருங்கள். செயற்கைக்கோள் மேகத்தின் தலையை மட்டும் காட்டும். குளிர்ந்த வெள்ளைத் தலை உள்ள இடமும் மழை விழும் இடமும் 20, 30 கி.மீ. தள்ளியிருக்கலாம். தாழ்ந்த மேகத்தில் கொட்டும் நவம்பர் மழை அதில் மங்கலாகத்தான் தெரியும். அந்த நேரத்தில் தானியங்கி மழைமானிகளின் மணிக்கணக்கு அளவே நம்பத்தக்கது.